வாங்காத மூன்று கவர்கள்

பேச்சித்தாய்க்குத் தெரிந்த இங்கிலீஷ் மொத்தமே ஏழெட்டு வார்த்தைதான். அத்தனையும் தபால் திரும்பிப் போவதற்கான வார்த்தைகள். 'லெஃப்ட்' என்றால் ஆள் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார். 'டோர் லாக்டு' என்றால் வீடு பூட்டிக் கிடக்கிறது. 'டிசீஸ்டு' என்றால் ஆள் போய்ச் சேர்ந்தாயிற்று, இனி அவருக்குத் தபாலும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். 'ரெஃப்யூஸ்டு' என்றால் ஆள் குத்துக்கல் மாதிரி எதிரே நிற்கிறார், ஆனால் வாங்க மாட்டேன் என்கிறார். பத்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. ஆனாலும் இந்த வார்த்தைகளைக் கவரின் மேல் அவள் எழுதுகிற அழகைப் பார்த்தால் கான்வென்ட்டில் படித்தவள் என்றே நினைக்கத் தோன்றும். எழுதி, தேதி போட்டு, கீழே தன் பெயரையும் முழுசாக எழுதுவாள். கிறுக்கிவிட்டுப் போகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

புருஷன் தபால்காரனாக இருந்து, கழுகுமலை சாலையில் லாரி மோதிச் செத்துப்போனான். அந்த வேலை கருணை அடிப்படையில் இவளுக்கு வந்தது. அப்போது மகள் அபிதாவுக்கு நாலு வயது. இப்போது நர்சிங் மூன்றாம் வருஷம். பதினாறு வருஷமாக லட்சுமியாபுரம் பக்கத்துத் தறிக்கூடச் சந்துகள்தான் பேச்சித்தாயின் பட்டுவாடா எல்லை. தறி ஓடுகிற சத்தத்தில் சைக்கிள் மணி யாருக்கும் கேட்காது. உள்ளே எட்டிப் பார்த்துக் கவரைத் தூக்கிக் காட்டுவாள். வேண்டும் என்றால் ஆள் எழுந்து வரும், வேண்டாம் என்றால் கை மட்டும் ஆடும்.

அந்தக் கை ஆடுவது பெரும்பாலும் மெட்ராஸ் கவர்களுக்குத்தான். ஃபைனான்ஸ் கம்பெனிகள் அனுப்புகிற நீளக் கவர். ரிஜிஸ்டர் தபால் என்று இப்போது தனியாக எதுவும் இல்லை, ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள்; ஜனங்களுக்கு அது இன்னும் 'ரிஜிஸ்தர்'தான். கையெழுத்துப் போட்டு வாங்கினால்தான் கேஸ் பிடிக்கும், வாங்காத வரைக்கும் எவனும் ஒன்றும் செய்ய முடியாது என்பது அந்தச் சந்துகளில் சட்டம். யார் இயற்றிய சட்டம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. யாருக்கோ எப்போதோ ஒரு சம்மன் திரும்பிப் போய், அந்த வழக்கும் எங்கோ அமுங்கிப்போயிருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு தெருவே நடக்கிறது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடும் என்ற கணக்குதான். பூனையை மட்டும் சொல்லிப் புண்ணியமில்லை. கவரைச் சுமந்து திரிந்த பேச்சித்தாயும் அதைத்தான் நம்பினாள்.

காளிராஜ் அவளுடைய புருஷனின் சித்தப்பா மகன். அவளுக்குக் கொழுந்தன் முறை. அவனிடம் ஒரு குட்டியானை வண்டி இருந்தது. காலையில் தறிக்கூடங்களில் சேலைக் கட்டுகளை ஏற்றி லாரி ஆபீசில் போடுவான். மத்தியானத்துக்கு மேல் புளியங்குடி சந்தைக்குப் போய் எலுமிச்சை மூட்டை. பெண்டாட்டி ஆனந்தி, இரண்டு பெண் பிள்ளைகள், நாலு சக்கரம் உருண்டால்தான் அந்த வீட்டில் அடுப்பு. வண்டி வந்த அன்று கோமதியம்மன் சந்நிதியில் இருந்து புற்றுமண் கொண்டுவந்து சக்கரம் நாலிலும் பூசி, முதல் சவாரியாக மதினியைத்தான் முன்சீட்டில் உட்காரவைத்து ரத வீதியைச் சுற்றிவந்தான். பேச்சித்தாய் தபால் பையோடு போய் உட்கார்ந்தாள். ஊரே பார்த்தது, அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

வண்டிக்குக் கடன் கொடுத்தது செம்பருத்தி ஃபைனான்ஸ். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் வைத்துத்தான் ஒப்பந்தம் கையெழுத்தானது. முப்பத்தெட்டுப் பக்கம். எங்கெங்கே கையெழுத்து என்று ஏஜென்ட் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார். குறி கண்ட இடத்தில் எல்லாம் காளிராஜ் தன் பெயரை எழுதினான். பாதிப் பக்கம் தாண்டுவதற்குள் டீ ஆறிவிட்டது, அதற்கு வேறு டீ வாங்கிக் கொடுத்தார்கள். இருபத்தேழாம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கவேண்டும் என்று அவனுக்கும் தோன்றவில்லை, சொல்லவேண்டும் என்று அவர்களுக்கும் தோன்றவில்லை.

இரண்டு வருஷம் ஒழுங்காகத்தான் ஓடியது. வசூலுக்கு வருகிறவர் மாதாமாதம் வந்து கையடக்க மிஷினில் ரசீது அடித்துக் கொடுப்பார். மிஷின் ரசீது வெயிலில் வெளுத்துப்போகும் என்று பேச்சித்தாய்தான் சொன்னாள். அவனும் ஒவ்வொன்றையும் ஜெராக்ஸ் எடுத்து டிரைவர் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டான். ஒருநாள் அந்த வசூல்காரர் வேலையை விட்டு நின்றுவிட்டார். அடுத்து வந்தவர், ஐந்து மாதத் தவணை வரவே இல்லை என்றார். காளிராஜ் ரசீதைக் காட்டினான். "சிஸ்டத்தில் ஏறலை" என்றார்கள். திருநெல்வேலி ஆபீசுக்கு நாலு தடவை போனான். நாலு தடவையும் சிஸ்டம்தான் பதில் சொன்னது. அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த ஐந்தைச் சேர்க்கிற வரைக்கும் ஆறாவதைக் கட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தான். கையில் ரசீது இருக்கிறது, மடியில் கனமில்லை, வழியில் பயமெதற்கு என்று இருந்தான்.

முதல் கவர் ஐப்பசியில் வந்தது.

"மெட்ராஸ் கவரா மதினி? செம்பருத்தியா? எனக்கு வேண்டாம். வாங்கமாட்டேன்னுட்டான்னு எழுதிருங்க."

"உள்ள என்ன இருக்கோ காளிராசு?"

"என்னவும் இருந்துட்டுப் போவுது. கையெழுத்துப் போட்டாத்தான கேஸ் பிடிக்கும்? வேணும்னா நேர்ல வரட்டும். எங்கிட்ட ரசீது கெடக்கு."

அது நியாயமாகத்தான் பட்டது. கவரைத் தொடை மேல் வைத்து, அழகாக 'ரெஃப்யூஸ்டு' என்று எழுதினாள். கொழுந்தன் பணிந்துபோகவில்லை என்று அந்தக் கம்பெனிக்காரனுக்குத் தெரியட்டும் என்று கூட அவளுக்குத் தோன்றியது. கார்த்திகையில் இரண்டாவது வந்தது. அன்றைக்கு அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தான், தலையை மட்டும் ஆட்டினான். அதுவும் திரும்பிப் போனது.

மூன்றாவது தை மாதம், பொங்கல் கழிந்து. காளிராஜ் வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்துக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தான். வெளியே தெரிந்தது இரண்டு பாதம்தான். பேச்சித்தாய் குனிந்து, "காளிராசு, செம்பருத்திக் கவர்" என்றாள். அடியிலிருந்தே குரல் வந்தது: "எழுதி அனுப்பிருங்க மதினி." இந்தக் கவர் முந்தின இரண்டைவிடத் தடிமனாக இருந்தது. தடிமனைச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் நின்றாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, பையில் இன்னும் நாற்பது தபால் இருந்தது. எழுதிவிட்டுப் போனாள்.

ஆனி மாதத்தில் ஒரு காலையில் கோர்ட் அமீனா வந்தார். வண்டியை ஜப்தி செய்வது பற்றிய நோட்டீஸ். அதைத் தபாலில் போடவில்லை, நேரில் கொண்டுவந்து வாசலில் ஒட்டி, ஒரு காகிதக் கட்டையும் கையில் கொடுத்துவிட்டுப் போனார். காளிராஜுக்கு முகம் வெளுத்துவிட்டது. எந்தக் கேஸ், எப்போது நடந்தது, யார் தீர்ப்புச் சொன்னது என்று அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு பேச்சித்தாய் வீட்டுக்கு ஓடிவந்தான். அபிதாதான் படித்தாள். மெட்ராஸில் ஒரு நடுவர் விசாரணை வைத்து, காளிராஜ் தரப்பு வராததால் கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லியிருந்தார். அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம். அதை நிறைவேற்றத்தான் சங்கரன்கோவில் கோர்ட்டுக்கு வந்திருக்கிறார்கள்.

"எனக்குத் தெரியாம எவன்லே விசாரிச்சான்?" என்றான் காளிராஜ்.

கட்டின் கடைசியில் மூன்று ஜெராக்ஸ் தாள்கள் இருந்தன. மூன்றும் கவர்களின் மேல்பக்கம். மூன்றிலும் கொடி மாதிரி வளைந்து ஒரே எழுத்து.

"மதினி, இது உங்க எழுத்துல்லா?"

பேச்சித்தாய் பார்த்தாள். அவள் எழுத்துதான். ஆள் வாங்காமல் திருப்பி அனுப்பிய கவரைக் கம்பெனிக்காரன் எதற்கு இவ்வளவு பத்திரமாகப் படம் எடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறான் என்று அவளுக்குப் புரியவில்லை. கேஸ் பிடிக்காத தபால்தானே அது. அன்றைக்கு மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த வாரம் திருவேங்கடம் சாலைக் கல்யாண மண்டபத்தில் ஒரு கூட்டம் நடக்கவிருந்தது. சுவரொட்டியை அபிதாதான் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். 'நிதி நிறுவன ஒப்பந்தங்களில் கட்டாய நடுவர் பிரிவு தேவையா?' நோட்டீஸில் இருக்கிற அதே 'நடுவர்' என்ற வார்த்தைதான். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பேச்சித்தாயும் வரமுடிந்தது. காளிராஜ் காகிதக் கட்டையும் ரசீது ஜெராக்ஸையும் எடுத்துக்கொண்டான்.

மேடையில் இரண்டு பேர். ஒருவர் உள்ளூர் வக்கீல் சங்கரகணேஷ், நுகர்வோர் சங்கத்துக்காரர். இன்னொருவர் கைலாஷ் என்று பெயர், நிதி நிறுவனங்களின் தரப்பைச் சொல்ல மெட்ராஸிலிருந்து வந்தவர். கொடுமைக்காரராக ஒருவரை எதிர்பார்த்து வந்த காளிராஜுக்கு அவரைப் பார்த்ததும் ஏமாற்றம். கண்ணாடி போட்ட, தன்மையான மனுஷன். பேசுவதற்கு முன்னால் முன்வரிசையில் நின்ற கிழவருக்குத் தன் நாற்காலியை இறக்கிக் கொடுத்தார்.

"கோர்ட்டில் ஒரு கடன் வழக்கு எட்டு வருஷம், பத்து வருஷம் இழுக்கிறது" என்றார் கைலாஷ். "அவ்வளவு நாள் பணம் முடங்கினால் வட்டி ஏறும். ஏறின வட்டியைக் கட்டுவது யார்? ஒழுங்காகத் தவணை கட்டுகிற நீங்கள்தான். நடுவர் மூன்று மாதத்தில், ஆறு மாதத்தில் முடித்துவிடுவார். இப்போது மெட்ராஸுக்குக் கூட வரவேண்டாம், விசாரணையே வீடியோவில். நோட்டீஸிலேயே லிங்க் இருக்கும். இந்தப் பிரிவை எடுத்துவிட்டால் பேங்க் படி ஏறமுடியாத சின்ன ஆட்களுக்குக் கடன் கொடுக்க எங்களில் பாதிப் பேர் முன்வரமாட்டோம்."

சங்கரகணேஷ் எழுந்தார். "நடுவர் வேண்டாம்னு நான் சொல்லல. யாரோட நடுவர்னுதான் கேக்கேன். கம்பெனி ஒரு பட்டியல் வச்சிருக்கு, அதுல ஒருத்தரைக் கம்பெனியே நியமிக்குது, அவருக்குப் பீஸும் கம்பெனியே கட்டுது. வேலிக்கு ஓணான் சாட்சி." மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. "ஒருதரப்பா இப்படி நியமிக்கக் கூடாதுன்னு மேல்கோர்ட்டுகள் சொல்லியாச்சு. ஆனா அதை எடுத்துச் சொல்லவே ஒருத்தன் மெட்ராஸுக்குப் போகணும். அதனால நான் கேக்குறது ஒண்ணுதான். கடனுக்குக் கையேந்தி நிக்கிறவன்கிட்ட முன்கூட்டியே இதை எழுதிவாங்கக் கூடாது. தகராறு வந்த பிறகு ரெண்டு தரப்பும் சம்மதிச்சா நடுவர்கிட்ட போகட்டும். அதுக்குச் சட்டம் வரணும்."

"தகராறு வந்த பிறகு எவர் சார் சம்மதிப்பார்?" என்றார் கைலாஷ்.

"சம்மதிக்க மாட்டாருன்னு தெரிஞ்சுதான சார் முன்னாடியே வாங்கி வைக்கீங்க?"

கைதட்டல் வெகுநேரம் நிற்கவில்லை. பேச்சித்தாய் தட்டவில்லை. இவர் பேசும்போது இவர் சொல்வது சரியென்று தோன்றியது, அவர் பேசும்போது அவர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருப்பதாகப் பட்டது. சட்டம் வரட்டும், வராமல் போகட்டும். அவளுக்கு வேண்டியது அந்த மூன்று ஜெராக்ஸ் தாள்களின் அர்த்தம் மட்டும்தான். கேள்வி கேட்கலாம் என்று மைக்கை நீட்டியபோது அவள் எழுந்துவிட்டாள்.

"நான் தபால் பட்டுவாடா பாக்கேன் ஐயா. ஒருத்தருக்கு அந்த நோட்டீஸ் போவுது. அவரு வாங்கமாட்டேன்னுட்டாரு. நான் அப்படியே எழுதி அனுப்பிட்டேன். அது அவருக்குப் போய்ச் சேர்ந்த கணக்கா, சேராத கணக்கா?"

"சேர்ந்த கணக்குதான்மா" என்றார் கைலாஷ்.

பேச்சித்தாய் சங்கரகணேஷைப் பார்த்தாள். அவர் மைக்கைச் சற்றுத் தள்ளி வைத்தார். "ஆமாம்மா. வாங்க மறுத்தா வாங்கின மாதிரிதான். அதுல சட்டம் தெளிவா இருக்கு."

காலையிலிருந்து ஒருவர் சொன்னதை மற்றவர் ஒத்துக்கொண்டது அந்த ஒரு இடத்தில்தான். பேச்சித்தாய் உட்கார்ந்தாள். பக்கத்தில் காளிராஜ் மடியில் வைத்திருந்த கட்டைப் புரட்டாமல் கையை அதன் மேல் வைத்துக்கொண்டிருந்தான். கூட்டம் முடிவில் கட்டாய நடுவர் பிரிவை நீக்கக் கோரி அரசுக்கு ஒரு தீர்மானம் நிறைவேற்றினார்கள். வடையும் காப்பியும் கொடுத்தார்கள். கைலாஷ் அவளைத் தேடிவந்து, "நீங்க எழுதினது சரிதாம்மா, உங்க கடமை" என்றார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். அவளுக்கு அது நெஞ்சில் முள்ளாக இறங்கியது.

மறுநாள் சங்கரகணேஷ் தன் ஆபீசில் எல்லாவற்றையும் படித்தார். முதல் கவரில் நடுவர் பெயர், இரண்டாவதில் விசாரணைத் தேதி, மூன்றாவதில் தீர்ப்பு. ரசீது ஜெராக்ஸை எடுத்து ஒவ்வொன்றாக மேஜையில் பரப்பினார். ஐந்தும் இருந்தன.

"இதுல ஒண்ணைக் காட்டியிருந்தாலே போதும் தம்பி. அந்த விசாரணைக்கு உங்க போன்லயே பேசியிருக்கலாம். இல்ல, அதுக்கு முந்தியே நுகர்வோர் கோர்ட்டுக்குப் போயிருந்தா இந்த இருபத்தேழாம் பக்கத்து நடுவர் பிரிவு உங்களைத் தடுத்திருக்காது."

"இப்பப் போவ முடியாதா சார்?"

"தீர்ப்பை எதிர்த்து மூணு மாசத்துக்குள்ள மனுப் போடணும், கெஞ்சினா இன்னொரு முப்பது நாள். தீர்ப்பு கையில வந்த நாள்லேர்ந்து. தை மாசம் வந்திருக்கு. இது ஆனி." விரல் விட்டு எண்ணத் தேவையில்லாத கணக்கு அது. "இங்க ஜப்திக்கு ஆட்சேபணை போடுதேன். நடுவரை ஒருதரப்பா நியமிச்சது செல்லாதுன்னு சொல்லிப் பாப்போம். எடுபடும்னு வாக்குக் குடுக்கமாட்டேன்." பிறகு பேச்சித்தாயைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அந்த மூணாவது கவர் இவர்கிட்ட காட்டப்படவே இல்லைன்னா, கெடு இன்னும் ஆரம்பிக்கவே இல்லைன்னு வாதாடலாம். பொய் சொல்லச் சொல்லல. நடந்தது அப்படியிருந்தா, அதைப் பட்டுவாடா பண்ணினவங்க சொல்லணும்."

சாயந்திரம் ஆனந்தி வந்தாள். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"யக்கா, அன்னைக்கி அவுக வண்டிக்கு அடியில கெடந்தாகள்லா? கவரப் பாக்கவே இல்லைல்லா? அதை மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் கேக்கல. ரெண்டு பொட்டப்புள்ளய வச்சிருக்கேன்."

"கவர் வந்திருக்குன்னு சொன்னேனேட்டி. எழுதி அனுப்புங்கன்னாரே."

"அத யாரு கேட்டா? நீங்களும் அவுகளும்தான."

அது உண்மை. கேட்டது இரண்டே பேர்தான், அதில் ஒருவன் வண்டிக்கு அடியில் கிடந்தான். பேச்சித்தாய் இரண்டு நாள் அதையே போட்டு உருட்டினாள். காட்டவில்லை என்று சொன்னால், காட்டாமலே 'ரெஃப்யூஸ்டு' எழுதினாய் என்று ஆகும். போஸ்ட்மாஸ்டரிடம் ஊர்ப்பேச்சு மாதிரி கேட்டுப் பார்த்தாள். "பொய் ரிமார்க் போட்டேன்னு நீயே எழுதிக் குடுத்தா நான் உன்னை எப்படிக் காப்பாத்துறது? சஸ்பென்ஷன்தான்" என்றார் அவர். அபிதாவுக்கு இன்னும் ஒரு வருஷம் படிப்பு இருக்கிறது. புருஷன் உயிரைக் கொடுத்து வாங்கித் தந்த வேலை அது. ஆனால் வேலை மட்டும்தான் காரணம் என்று சொன்னால் அவளுக்கே அநியாயம். பதினாறு வருஷத்தில் எழுதாததை எழுதினேன் என்றோ, எழுதியதை எழுதவில்லை என்றோ அவள் சொன்னதில்லை. அதற்கு அவளுக்கு நாக்கு எழவில்லை.

கடைசியில் நடந்ததை நடந்தபடி சொல்வது என்று முடிவு செய்து வக்கீல் ஆபீசுக்குப் போனாள். பாதம் தெரிந்தது, குனிந்து சொன்னேன், அடியிலிருந்தே பதில் சொன்னார், கவரை அவர் கண்ணால் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். உண்மைக்கு ஏதாவது ஒரு பலன் இருக்கும் என்று நம்பித்தான் சொன்னாள். சங்கரகணேஷ் எழுதிக்கொண்டே வந்தவர் பாதியில் பேனாவை மூடினார்.

"இதைத் தாக்கல் பண்ணினா நீங்க அவங்க தரப்புச் சாட்சிம்மா" என்றார்.

வெளியே வந்தபோது காளிராஜ் வேப்பமரத்தடியில் வண்டியில் சாய்ந்து நின்றான். அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான்.

"விடுங்க மதினி. நான் சொன்னதத்தான எழுதுனீய."

அவன் திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். சொன்னதைத்தான் எழுதினாள். சொல்வது தப்பு என்று எடுத்துச் சொல்லத் தெரியாமல் எழுதினாள். தெரியாததற்கு யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது? அன்றிலிருந்து ஆனந்தி அவளோடு பேச்சை நிறுத்திவிட்டாள். தெருக்குழாயில் எதிரே வந்தாலும் குடத்தை மாற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விடுவாள்.

ஆட்சேபணை தள்ளுபடியானது. ஆடி பிறந்து, ஊரில் கோமதியம்மன் தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறியிருந்தது. காலை பத்து மணிக்கு அமீனாவும் கம்பெனி டிரைவர் ஒருவரும் வந்தார்கள். பேச்சித்தாய் பையோடு சந்துக்குள் நுழைந்த நேரம் அதுதான். திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தாள், கால் வரவில்லை. காளிராஜ் சண்டை போடவில்லை. சீட்டுக்கு அடியில் இருந்த ரசீது ஜெராக்ஸை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். முன்கண்ணாடியில் ஒட்டிவைத்திருந்த புற்றுமண் பொட்டலத்தை எடுத்துச் சின்ன மகளிடம் கொடுத்தான். சாவியை நீட்டும்போது அந்த டிரைவரிடம், "செகண்ட் கியர் கொஞ்சம் இறுக்கமா விழும் அண்ணாச்சி. பதனமாப் போடுங்க" என்றான். வண்டி சந்து முனை திரும்புகிற வரைக்கும் ஒரு தறியும் ஓடவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு பேச்சித்தாய்க்கு ஒரு வெறி வந்தது. மெட்ராஸ் கவர் யாருக்கு வந்தாலும் வாசலில் நின்று மன்றாடினாள். வாங்குங்க, பிரிச்சுப் பாருங்க, தேதி போட்டிருப்பான், உடனே வக்கீலப் பாருங்க. பூத்தையல் மிஷினுக்குக் கடன் வாங்கியிருந்த ஆயிஷம்மாளிடம் கால் மணி நேரம் பேசினாள்.

"இத்தன வருசமா வாங்கலைன்னா அப்படியே எழுதிட்டுப் போவிய. இப்ப எதுக்கு இந்தப் பாடு படுதிய? கம்பெனிக்காரன் ஏதும் குடுக்கானோ?" என்றாள் ஆயிஷம்மாள்.

"அல்லா சத்தியமா இல்லம்மா" என்று இவள் வாயிலிருந்து வந்தது. ஆயிஷம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் கை கவருக்கு வரவில்லை. கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. காளிராஜ் கதை ஊருக்கே தெரியும். ஆனால் ஊர் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் வேறு: சொந்தக் கொழுந்தனையே மாட்டிவிட்டவள், இவள் சொல்லி வாங்கினால் அதோகதிதான். பேச்சித்தாய் படியில் உட்கார்ந்தாள். போனில் பட்டுவாடா ஆப் திறந்து கிடந்தது. காரணத்தைத் தேர்ந்தெடு என்றது. 'டோர் லாக்டு' என்ற இடத்தில் விரல் கொஞ்ச நேரம் நின்றது. கதவு சாத்தித்தானே இருக்கிறது? உள்ளே மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. அவள் விரலை மேலே நகர்த்தி 'ரெஃப்யூஸ்டு' என்பதைத் தொட்டாள். கவரில் எழுதும்போது எழுத்து முன்போல் வளையவில்லை.

புரட்டாசியில் காளிராஜுக்கு மறுபடியும் ஒரு செம்பருத்திக் கவர் வந்தது. அவன் இப்போது லாரி ஆபீசில் கூலிக்குச் சேலைக் கட்டு ஏற்றுகிறான். முன்னே அவன் வண்டியில் வந்து இறங்கின அதே கட்டுகள். பேச்சித்தாய் அவன் வீட்டுக்குப் போகாமல் நேரே லாரி ஆபீசுக்கே போனாள். கவரைத் தூரத்தில் பார்த்ததுமே அவன் தோளில் இருந்த கட்டை இறக்கிப் போட்டுவிட்டு ஓடிவந்தான். கையை லுங்கியில் நன்றாகத் துடைத்தான். போனை வாங்கி, கண்ணாடியில் விரலால் தன் பெயரை எழுதினான். வெயிலில் திரை தெரியாததால் எழுத்து கோணியது, அழித்துவிட்டு மறுபடியும் எழுதினான். முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரைக்கும் ஒன்றையும் விடவில்லை.

கவரைப் பிரித்தார்கள். மூன்று தாள், எல்லாம் இங்கிலீஷ். அங்கேயிருந்த கிளார்க் வாங்கிப் படித்துச் சொன்னார். வண்டியை ஏலம் விட்டாயிற்று. ஏலத்தில் கிடைத்தது போக இன்னும் பாக்கி இருக்கிறது. அதைப் பற்றியும் அதே நடுவரே விசாரிப்பார். விசாரணைத் தேதி போட்டிருந்தது; அது முந்தாநாள்.

காளிராஜுக்கு அந்தக் கடைசி வார்த்தை காதில் விழுந்ததா இல்லையா என்று தெரியவில்லை. தாள்களை வாங்கி மடிப்புக் கலையாமல் மடித்து, கவருக்குள் போட்டு, பேச்சித்தாயைப் பார்த்தான். சொன்னபடி செய்துவிட்ட நிம்மதி அவன் முகத்தில் இருந்தது.

"இந்தத் தடவ வாங்கிட்டேன்லா மதினி," என்றான். "இனி நான் என்ன செய்யணும், சொல்லுங்க."